தேரில்லாத நான்கு குதிரைகள்

வெனிஸில் புனித மாற்கு பேராலயத்துக்கு முன்னால் காலையிலேயே வரிசை வளைய ஆரம்பித்துவிடும். நிற்பவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே, அண்ணாந்து படம் எடுப்பார்கள். படத்தில் தவறாமல் விழுவது நடுவாசலுக்கு மேல் மாடத்தில் நிற்கும் நான்கு குதிரைகள். அவை நகல்கள். அசல் நான்கும் அதே சுவருக்குப் பின்னால், வெயிலும் உப்புக்காற்றும் படாத ஓர் அறையில் இருக்கின்றன. அங்கே போகச் செங்குத்தான குறுகலான படி ஏற வேண்டும். அதற்குச் சீட்டும் தனி. 'வரிசையில் நிற்க வேண்டாம், ஒலி வழிகாட்டி உண்டு' என்று இணையத்தில் விற்கும் சீட்டுகளில் பல தரைத்தளத்தோடு முடிந்துவிடுபவை. மேல்மாடி அருங்காட்சியகமும் சேர்ந்ததா என்று பார்த்து வாங்காதவர்கள், பொன்வேய்ந்த கூரையைப் பார்த்துவிட்டு, குதிரைகளையும் பார்த்தாயிற்று என்ற நினைப்பில் படகேறிவிடுகிறார்கள்.

இழப்பு சிறியதல்ல. நான்கு குதிரை பூட்டிய பழங்காலத் தேர்ச் சிற்பங்கள் கிரேக்கத்திலும் ரோமிலும் எத்தனையோ இருந்தன. அவற்றில் நான்கு குதிரைகளும் ஒன்றாக மிஞ்சியது இந்த ஒரு கூட்டம்தான். தேரும் தேரோட்டியும் எப்போதோ காணாமல் போனார்கள். குதிரைகள் மட்டும் கைமாறிக் கைமாறி, ஒவ்வொரு தடவையும் ஜெயித்தவன் வீட்டு வாசலில் போய் நின்றன. இவை பிழைத்துக் கிடப்பதே அதனால்தான் என்பது என் எண்ணம். திருடத் தகுந்த அழகு இருந்ததால் உருக்கப்படாமல் தப்பின.

செய்த காலம் பற்றி அறிஞர்களுக்குள் ஒற்றுமை இல்லை. அலெக்சாண்டரின் சிற்பி லிசிப்பஸ் பெயரைச் சொல்பவர்கள் உண்டு, அப்படியானால் கி.மு. 4-ஆம் நூற்றாண்டு. கி.பி. 2, 3-ஆம் நூற்றாண்டுகளின் ரோமானிய வேலை என்பவர்கள் கையில் ஒரு வலுவான சான்று இருக்கிறது. அது அந்த உலோகமேதான். வெண்கலக் குதிரைகள் என்று ஊரெல்லாம் சொன்னாலும் இவை கிட்டத்தட்ட சுத்தச் செம்பு, நூற்றுக்கு 97, 98 பங்கு. வெண்கலம் குறைந்த சூட்டிலேயே உருகும், அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடிப் பாயும். செம்போ 1085 டிகிரியில்தான் உருகும். குழம்பு மந்தமாக ஓடும். காற்றை உறிஞ்சிக் குமிழி விடும். தெரிந்தே இந்தத் தொல்லையை இழுத்துப் போட்டுக்கொண்டதற்குக் காரணம் பொன். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, சூடு காட்டிப் பாதரசத்தை ஆவியாக்கினால் பொன் மட்டும் உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். வெள்ளீயமும் காரீயமும் அதிகமிருக்கும் வெண்கலத்தில் இந்த முலாம் கறைபடும். அதனால் செம்பு. இப்படிப் பெரிய சிற்பங்களுக்குப் பாதரச முலாம் பூசுவது பரவியது ரோமானியர் காலத்தில் என்பதால், பிந்திய காலக் கணிப்புக்குப் பலம் கூடுகிறது.

மெழுகில் உருச்செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்த இடத்தில் உலோகம் வார்க்கும் முறையை சுவாமிமலைக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். அவர்களுடையது பெரும்பாலும் கனவார்ப்பு. இவை உள்ளே கூடு. கூடாக இருந்தும் ஒவ்வொரு குதிரையும் முக்கால் டன்னுக்கு மேல். மேல்மாடி அறையில் அருகே போய் நின்றால் வார்த்தவர்கள் பட்ட பாடு தெரியும். விலாவிலும் தொடையிலும் சின்னச் சின்னச் சதுர ஒட்டுகள். குமிழி விட்ட இடங்களை வெட்டியெடுத்துச் செம்புத் தகடு பதித்திருக்கிறார்கள். பொன் மேல் நெடுக மெல்லிய கீறல்கள். முதலில் பார்க்கிறவர்களுக்கு எவனோ தங்கத்தைச் சுரண்டியிருக்கிறான் என்றுதான் தோன்றும். வெயிலில் தகதகத்துக் கண்ணைக் கூசச் செய்யாமல் உடற்கட்டு தெரிய வேண்டும் என்று செய்தவர்களே கீறியது என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு. கழுத்தில் ஒரு பட்டை ஓடுகிறது. கப்பலில் ஏற்றுவதற்காகத் தலைகளை வெட்டினார்கள், பிறகு தழும்பை மறைக்கப் பட்டை கட்டினார்கள் என்று வழிகாட்டிகள் சுவையாகச் சொல்வார்கள். தலையும் உடலும் ஆரம்பத்திலேயே தனித்தனியாக வார்க்கப்பட்டவை. பட்டை அந்த இணைப்பை மறைக்கிறது. வெட்டின கதைதான் சுற்றுலாவுக்குத் தோது.

இவற்றின் முதல் விலாசமாக நமக்குத் தெரிவது கான்ஸ்டன்டினோபிள், இன்றைய இஸ்தான்புல். புதுத் தலைநகரை அலங்கரிக்க கான்ஸ்டன்டைனும் அவருக்குப் பின் வந்தவர்களும் ரோம், டெல்ஃபி என்று ஊர் ஊராகச் சிலைகளைக் கொண்டுவந்து குவித்தார்கள். தேர்ப்பந்தயத் திடலுக்கு மேலே பொன்முலாம் பூசிய நான்கு குதிரைகள் நின்றதாகவும், இரண்டாம் தியோடோசியஸ் காலத்தில் கீயோஸ் தீவிலிருந்து வந்தவை என்றும் 8-ஆம் நூற்றாண்டு கிரேக்க நூல் ஒன்று சொல்கிறது. அவை இவையே என்று பலர் நம்புகிறார்கள். அப்படியானால் வெனிஸ்காரன் தொடுவதற்கு முன்பே இவை ஒருமுறை இடம்பெயர்ந்தவை. முதல் திருடன் யார் என்று தேடிக்கொண்டு போனால் படி இறங்கிக்கொண்டே இருக்கும்.

1204-க்கு வருவோம். நான்காம் சிலுவைப் போரைப் பற்றிப் பேசும்போது மதத்தைத்தான் எல்லோரும் முன்னால் நிறுத்துகிறார்கள். அதன் ஆணிவேர் ஒரு கப்பல் கூலி பாக்கி. 33,500 பேரையும் 4,500 குதிரைகளையும் கடல் கடத்திவிட வெனிஸோடு 1201-இல் ஒப்பந்தம். கூலி 85,000 வெள்ளி மார்க். வெனிஸ் ஓராண்டுக்கு மற்ற வியாபாரத்தையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டுக் கப்பல் கட்டியது. குறித்த நாளில் வந்து சேர்ந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். வந்தவர்கள் பையைக் கவிழ்த்துக் கொட்டியும் 34,000 மார்க் குறைந்தது. கண் தெரியாத கிழவர், ஆனால் கணக்கில் யாரும் ஏமாற்ற முடியாத நகரத் தலைவர் என்ரிகோ தாந்தோலோ, பாக்கிக்கு ஈடாகச் சண்டை போட்டுக் கொடுங்கள் என்றார். முதலில் அட்ரியாட்டிக் கரையில் ஜாரா, ஒரு கிறிஸ்தவ ஊர். பிறகு, பட்டம் பிடித்துக் கொடுத்தால் கடனை அடைக்கிறேன் என்று ஒரு பைசாந்திய இளவரசன் ஆசை காட்ட, கான்ஸ்டன்டினோபிள். அவனால் சொன்ன தொகையைக் கொடுக்க முடியவில்லை. 1204 ஏப்ரலில் கிறிஸ்தவப் படை, உலகத்தின் பெரிய கிறிஸ்தவ நகரத்தை மூன்று நாள் சூறையாடியது. ஜெருசலேமுக்குப் போவதாகக் கிளம்பியவர்கள்!

அந்த மூன்று நாளுக்குப் பிறகு நடந்ததுதான் குதிரைகளின் கதைக்கு முக்கியம். ஊரில் இருந்தவரும், உயர் பதவி வகித்தவருமான நிக்கேத்தாஸ் கோனியாத்தேஸ், அழிக்கப்பட்ட சிலைகளைப் பற்றித் தனியாக எழுதிவைத்திருக்கிறார். ஹீராவின் பிரம்மாண்டச் சிலை, லிசிப்பஸ் செய்ததாகச் சொல்லப்பட்ட ஹெராக்ளிஸ், டிராயின் ஹெலன் என்று போகிறது அந்த வரிசை. எல்லாம் உலைக்குப் போய்ச் செப்புக்காசானது. சிலுவைப் படையினருக்குச் சம்பளம் வேண்டியிருந்தது. வெண்கலத்தில் அவர்கள் கண்டது எடையை மட்டும்தான். தேர்ப்பந்தயத் திடலில் இன்றும் நிற்கும் ஒரு கல் தூணுக்கு அன்று பொன்முலாம் பூசிய வெண்கலத் தகடுகள் போர்த்தியிருந்தார்கள், அவையும் உரித்தெடுக்கப்பட்டன. ஆணி அடித்த ஓட்டைகளோடு மொட்டைத் தூண் மட்டும் மிச்சம்.

குதிரைகள் மட்டும் உலைக்குப் போகவில்லை. வெனிஸ்காரர்கள் அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருந்தவர்கள். எதற்கு என்ன மதிப்பு என்று தெரிந்தவர்கள். நல்ல கல், நல்ல எனாமல், நல்ல தூண், புனிதர் எலும்பு என்று தேர்ந்தெடுத்துக் கப்பலேற்றினார்கள். இதை நியாயப்படுத்தச் சொல்லவில்லை. ரசனையுள்ள கொள்ளைக்காரன் ரசனையில்லாதவனைவிட நல்லவன் என்று சொல்ல முடியாது. விளைவு வேறு, அவ்வளவே. தாந்தோலோ ஊர் திரும்பவில்லை. 1205-இல் அங்கேயே இறந்து, தான் சூறையாடிய ஹாகியா சோபியாவிலேயே அடக்கமானார். அவர் பெயர் வெட்டிய பிற்காலக் கல் ஒன்று அங்கே மாடித் தரையில் இருக்கிறது. மேல்மாடிக்குப் போகிறவர்கள் அதன் மேல் நடந்து போகிறார்கள்.

வெனிஸ் வந்து சேர்ந்த குதிரைகளை என்ன செய்வதென்று உடனே யாருக்கும் தோன்றவில்லை. கப்பல் கட்டும் தளமான அர்செனாலில் கயிறு, நங்கூரம், பாய்மரங்களுக்கு நடுவே அரை நூற்றாண்டு கிடந்தன. 13-ஆம் நூற்றாண்டின் நடுவில், ரனியேரோ செனோ நகரத் தலைவராக இருந்தபோது, அவற்றைக் கோயில் முகப்பில் ஏற்றினார்கள். கோயில் என்கிறோமே தவிர, அது அன்று ஆயருடைய பேராலயம் அல்ல. நகரத் தலைவரின் சொந்த வழிபாட்டிடம், அதாவது அரசாங்கத்தின் கோயில். ஆயருக்குரிய பேராலயமானது 1807-இல்தான். ஆகவே குதிரைகள் அங்கே நின்றது பக்திக்காக அல்ல. துறைமுகத்தில் இறங்கும் வெளியூர்த் தூதன் கண்ணில் முதலில் படட்டும் என்று வைத்தது. கான்ஸ்டன்டினோபிளின் வாரிசு இனி நாங்கள் என்ற அறிவிப்பு அது.

வரிசையில் காத்திருப்பவர்கள் செல்பேசியை இறக்கிவிட்டு முகப்பின் இடதுகோடி வாசலுக்கு மேலே பார்க்கலாம். மாற்குவின் உடலைக் கோயிலுக்குள் எடுத்துவரும் காட்சி அங்கே மொசைக்கில் இருக்கிறது. முகப்பின் மற்ற பழைய மொசைக்குகளெல்லாம் பிற்காலத்தில் மாற்றப்பட்டுவிட்டன. 1260-களைச் சேர்ந்த இது ஒன்றே மூலம். அதில் வரைந்த கோயிலின் மேலே பார்த்தால் நான்கு குதிரைகள். ஏற்றிய சில ஆண்டுகளிலேயே அவை கோயிலின் அடையாளமாகிவிட்டதற்கு அந்தக் குட்டிச் சித்திரமே சாட்சி.

சொல்லப்போனால் மாற்குவே கடத்திவரப்பட்டவர். 828-இல் இரண்டு வெனிஸ் வணிகர்கள் அலெக்சாந்திரியாவிலிருந்து அவர் உடலைக் கூடையில் வைத்து, சுங்கக்காரர்கள் கிட்டே வராமலிருக்க மேலே பன்றிக்கறி பரப்பிக் கொண்டுவந்தார்கள் என்பது ஊர் மரபு. இதை வெனிஸ் மறைக்கவில்லை; கோயில் சுவரிலேயே படமாக வரைந்து வைத்திருக்கிறது. திருடியதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஊரில்தான் குதிரைகள் போய்ச் சேர்ந்தன.

அங்கே அவை ஐந்நூறு ஆண்டுக்கு மேல் நிம்மதியாக நின்றன. 1364-இல் கிரீட் வெற்றிக் கொண்டாட்டத்தை நகரத் தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குதிரைகளுக்குச் சற்றுக் கீழே அதே மாடத்திலிருந்து பார்த்த பெத்ரார்க், அவை உயிரோடு நிற்பது போல இருந்ததைக் கடிதத்தில் வியந்திருக்கிறார். 1379-இல் ஜெனோவாப் படை கடற்கழியின் தென்கோடிக் கியோஜாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது. சமாதானம் பேச வந்தவர்களிடம், மாற்குவின் குதிரைகளுக்குக் கடிவாளம் போட்ட பிறகு பேசுவோம் என்று தளபதி பியெத்ரோ தோரியா சொன்னதாக ஒரு கதை. அடுத்த ஜனவரியில் தோரியா பீரங்கிக்குப் பலியானார். ஜூனில் ஜெனோவாப் படை சரணடைந்தது. எதிரியின் வாயிலேயே ஊரின் மானம் என்றால் இந்தக் குதிரைகள் என்று ஆகிவிட்டிருந்ததே, அதுதான் கவனிக்க வேண்டியது.

கடிவாளம் போட்டவர் வேறொருவர். 1797 மே 12 அன்று வெனிஸ் குடியரசு நெப்போலியனுக்குப் பயந்து தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. அக்டோபரில் காம்போ ஃபோர்மியோ உடன்படிக்கையில் நெப்போலியன் அந்த ஊரை அப்படியே ஆஸ்திரியாவுக்குத் தூக்கிக் கொடுத்தார். ஆஸ்திரியர்கள் வந்து பொறுப்பேற்றது அடுத்த ஜனவரியில். இடைப்பட்ட மாதங்களில், காலி செய்யப்போகும் வீட்டை வழித்தெடுப்பது போல பிரெஞ்சுக்காரர்கள் வழித்தெடுத்தார்கள். குதிரைகள் டிசம்பரில் இறங்கின. தூணின் மேல் நின்ற மாற்குவின் சிங்கமும் போயிற்று. சான் ஜோர்ஜோ மடாலய உணவுக்கூடத்திலிருந்து வெரோனேசேயின் 'கானாவூர்த் திருமணம்' ஓவியமும் போயிற்று.

இதை எதிர்த்து பிரான்சுக்குள்ளேயே குரல் எழுந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1796-லேயே காத்ரமேர் த கேன்சி என்ற கலை அறிஞர், இத்தாலியின் கலைப்பொருள்களை அவை பிறந்த மண்ணிலிருந்து பிடுங்கினால் பொருளும் கெடும், அறிவும் கெடும் என்று கடித வடிவில் ஒரு நூலே எழுதினார். அவர் சொன்னதைக் கேட்பார் இல்லை. 1798 ஜூலை இறுதியில் பாரிஸில் பெரிய ஊர்வலம். அப்போலோ பெல்விதேரே, லாவோகோவன், ராஃபேலின் ஓவியங்கள், ஒட்டகங்கள், சிங்கங்கள் என்று வண்டி வண்டியாக வந்தன. விலைமதிப்பற்ற சிலைகளெல்லாம் பெட்டிக்குள் அடைபட்டு, பெட்டியின் மேல் பெயர் மட்டும் எழுதி வந்ததால் கூட்டம் பார்த்தது பெரும்பாலும் மரப்பலகையைத்தான். திறந்தபடி வந்தவை இந்தக் குதிரைகள். கான்ஸ்டன்டினோபிளில் தேர்ப்பந்தயக் கூட்டத்துக்கு மேலே நின்றவை அல்லவா. கைதட்டலுக்குப் புதியவை அல்ல.

பாரிஸில்தான் அவற்றுக்கு ஒரு தேர் கிடைத்தது. துய்லரி அரண்மனைக்கு எதிரே 1806 முதல் 1808 வரை கட்டிய கரூசல் வெற்றி வளைவின் உச்சியில் குதிரைகளை ஏற்றி, சிற்பி லெமோ செய்த தேர் ஒன்றைப் பின்னால் பூட்டினார்கள். அமைதி, வெற்றி என்ற இரண்டு தேவதைகள் குதிரைகளைப் பிடித்து நடத்தும். தேருக்குள் நெப்போலியன் சிலை வைக்க ஏற்பாடு; வைத்தும் விட்டார்கள். பேரரசருக்கு அது பிடிக்கவில்லை, இறக்கச் சொல்லிவிட்டார். கடைசியில் காலித் தேரை இழுத்துக்கொண்டு ஏழு வருஷம் நின்றன.

வாட்டர்லூவுக்குப் பிறகு, 1815 இலையுதிர் காலத்தில், ஆஸ்திரியப் படைகள் சதுக்கத்தை அடைத்துக் காவல் நிற்க, வளைவின் மேலிருந்து குதிரைகள் கீழே வந்தன. பாரிஸ் மக்கள் கொதித்தார்கள். பதினேழு வருஷத்துக்குள் அவை 'எங்கள் குதிரைகள்' ஆகியிருந்தன. சிங்கத்தை இறக்கும்போது அது விழுந்து சில்லுச் சில்லாக உடைந்தது. ஒட்டிச் சேர்த்துத்தான் ஊருக்கு அனுப்பினார்கள். வெரோனேசேயின் ஓவியம் திரும்பவே இல்லை. அவ்வளவு பெரிய படத்தை மறுபடி சுருட்டினால் தாங்காது என்று சொல்லி, பதிலுக்கு லெ பிரன் வரைந்த வேறொரு படத்தைத் தள்ளிவிட்டார்கள். இன்றும் லூவ்ரில், மோனலிசாவுக்கு நேரெதிரே அது தொங்குகிறது. மோனலிசாவைப் பார்க்க நெருக்கிக்கொண்டு நிற்கும் கூட்டம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

டிசம்பரில் குதிரைகள் வெனிஸ் முகப்பில் ஏறின. ஆஸ்திரியப் பேரரசர் முதலாம் ஃபிரான்சிஸ் நேரில் இருந்தார். திருட்டுச் சொத்தை உரியவரிடம் சேர்த்தார் என்று புகழ்ந்தார்கள். அந்த உரியவர் அப்போது அவர்தான். வெனிஸ் ஆஸ்திரியாவின் உடைமை. தன் பொருளைத் தானே தனக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வாழ்த்தும் வாங்கிக்கொண்டார். பாரிஸ் வளைவு 1828 வரை மொட்டையாக நின்றது. பிறகு பொசியோ என்ற சிற்பி வேறு நான்கு குதிரைகள் செய்து ஏற்றினார். இன்று அங்கே நிற்பவை அவை.

இருபதாம் நூற்றாண்டில் நடந்தவை வேகமாகச் சொல்லிவிடக் கூடியவை. 1902-இல் எதிரிலிருந்த மணிக்கூண்டு தரைமட்டமாகச் சரிந்தது. குதிரைகளுக்குக் கீறல் இல்லை. முதல் உலகப் போரில் முகப்பிலிருந்து இறங்கி ரோம் வரை போய் 1919-இல் திரும்பின. இரண்டாம் போரில் பதுவா அருகே பிராலியா மடாலயத்தில் கொஞ்ச காலம் ஒளிந்திருந்தன. இந்த இரண்டு பயணங்களில் மட்டும்தான் அவற்றைக் கொண்டுபோனவர்கள் காட்சிக்கு வைக்கக் கொண்டுபோகவில்லை, காப்பாற்றக் கொண்டுபோனார்கள்.

அவற்றை உண்மையில் வீழ்த்தியது படையெடுப்பு அல்ல, காற்று. கடற்கழிக்கு அக்கரையில் மார்கேராத் தொழிற்பேட்டை 1917 முதல் வளர்ந்தது. எண்ணெய்ச் சுத்திகரிப்பும் ரசாயன ஆலைகளும் கக்கிய கந்தகப் புகை, கடல் உப்போடும் ஈரத்தோடும் சேர்ந்து முலாமில் இருந்த நுண் துளைகள் வழியே உள்ளே போனது. அடியில் செம்பு பச்சைப் பொடியாகப் பூத்து, மேலிருந்த பொன்னை உள்ளிருந்தே நெம்பித் தள்ளியது. ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல் வெயில், மழை, கடல், பீரங்கி எல்லாம் தாங்கிய முலாம் இரண்டு தலைமுறைப் புகைக்கு உரிய ஆரம்பித்தது. 1970-களில் ஆய்வு நடந்தது. தட்டச்சுப் பொறிகளுக்குப் பேர்போன ஒலிவெத்தி நிறுவனம் செலவை ஏற்றது. அதையொட்டி ஒரு குதிரை மட்டும் 1979-இல் லண்டனுக்கும் 1980-இல் நியூயார்க்குக்கும் கண்காட்சிக்குப் போய்வந்தது. படையோடு போகாமல் காப்பீட்டோடு போன பயணம். பிறகு நான்கும் உள்ளே வந்துவிட்டன. வெளியே நகல்கள் ஏறின. உள்ளே வைத்ததற்கு முணுமுணுப்பவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வெளியே பார்த்தால் அவை கட்டடத்தின் அலங்காரம். உள்ளே, ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே எழும்பும் கழுத்தும் நரம்பு புடைத்த முகமுமாகப் பக்கத்தில் நிற்கும்போதுதான் அவை சிற்பம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. வரிசையில் நிற்காமல் நுழையும் சீட்டு தவிர்ப்பது சீட்டு வாங்கும் வரிசையை. பாதுகாப்புச் சோதனைக்கு எல்லோரும் நின்றுதான் ஆக வேண்டும். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். பெரிய பையோடு உள்ளே விட மாட்டார்கள். காப்பிடத்தில் கொடுத்துவிட்டு வருவதற்குள் சீட்டில் குறித்த நேரம் கடந்துவிடலாம். ஞாயிறு காலை வழிபாட்டு நேரம், சுற்றுலாவுக்கு இடமில்லை. வழிபாட்டுக்கு என்றே வருகிறவர்களுக்கு வடபக்க வாசல் திறந்திருக்கும், சீட்டு கிடையாது. ஆனால் படம் எடுக்கலாம் என்ற ஆசையில் அந்த வழியே நுழைவது மரியாதை அல்ல. முன்பெல்லாம் தரைத்தளத்துக்கே கட்டணம் இல்லை. இப்போது கோயிலுக்குச் சீட்டு. 2024 முதல் நெரிசல் நாள்களில் பகலில் வந்து திரும்புகிறவர்கள் ஊருக்குள் நுழையவே சீட்டு.

ஒலி வழிகாட்டியைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. எந்த மொழியில் கேட்டாலும் குதிரைகளுக்கு அது ஒதுக்கும் நேரம் கொஞ்சம். 1204, 1797, 1815 என்று மூன்று ஆண்டுகளைச் சொல்லிவிட்டு அடுத்த எண்ணுக்கு நகரச் சொல்லும். காதிலிருந்து கருவியை எடுத்துவிட்டு நின்று பாருங்கள். நான்கும் ஒரே அச்சில் வார்த்தவை போலத் தோன்றும். ஆனால் தலைகள் ஜோடி ஜோடியாக ஒன்றையொன்று நோக்கித் திரும்பியிருக்கும், தூக்கிய முன்னங்கால் ஜோடிக்கு ஜோடி மாறும். பிறகு வெளி மாடத்துக்குப் போனால் நகல்களின் முதுகுக்குப் பின்னாலிருந்து சதுக்கம் முழுதும் தெரியும். 2022-இல் கோயிலைச் சுற்றி எழுப்பிய கண்ணாடித் தடுப்பும் கீழே தெரியும். 2019 நவம்பரில் 187 சென்டிமீட்டர் உயரத்துக்கு எழும்பிய வெள்ளம் உள்ளே புகுந்து தளத்தையும் தூணடிகளையும் உப்பில் ஊறவைத்த பிறகு வந்த ஏற்பாடு அது. ஏறிய படியில் இறங்கிய பிறகும் உடனே கிளம்பிவிட வேண்டாம். தென்பக்கம் வெளியே நிற்கும் செதுக்கு வேலைப்பாடு நிறைந்த இரண்டு சதுரத் தூண்கள் ஆக்ர் நகரத்திலிருந்து வந்தவை என்று நெடுங்காலம் சொல்லப்பட்டன. 1960-களில் இஸ்தான்புல்லில் சாலை வேலையின்போது புனித பாலியூக்டஸ் கோயிலின் இடிபாடு வெளிப்பட்டது. அதே வேலைப்பாடு, அங்கிருந்து பெயர்த்தவைதான்.

திருப்பித் தர வேண்டும் என்ற பேச்சு எழாமலில்லை. 2001-இல் ஏதென்ஸ் சென்ற திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், 1204 சூறையைக் குறிப்பிட்டு வருத்தம் தெரிவித்தார். 2004 நவம்பரில் கான்ஸ்டன்டினோபிளின் பழைய ஆயர்கள் இருவரின் எலும்புகளை வத்திக்கான் இஸ்தான்புல்லுக்கு அனுப்பிவைத்தது. பெற்றுக்கொள்ள மறைமுதல்வர் பர்த்தலோமேயு ரோமுக்கே வந்திருந்தார். குதிரைகளை யாரிடம் கொடுப்பது? 1204-இல் அந்த ஊரை ஆண்டவர்கள் துருக்கியர் அல்ல. ஆண்ட பேரரசு இன்று இல்லை. கிரேக்கம் கேட்கலாம், கீயோஸ் தீவு கேட்கலாம், ரோமில் வார்த்தது என்று நிரூபித்தால் இத்தாலிக்குள்ளேயே நிற்கலாம். யாருக்கும் முழு உரிமை இல்லாத பொருளை வைத்திருப்பவனே வைத்திருக்கட்டும் என்பதுதான் என் கட்சி. நகரும்தோறும் ஏதாவது உடைந்திருக்கிறது.

ஆனால் அந்தச் சலுகை கோயிலின் தென்மேற்கு மூலைச் சிலைக்குப் பொருந்தாது. செங்கருநீலப் பாறையில் செதுக்கிய நான்கு ரோமானியப் பேரரசர்கள் இரண்டிரண்டு பேராகக் கட்டித் தழுவி நிற்கிறார்கள். இதுவும் 1204-இல் வந்ததுதான். அவர்களில் ஒருவருக்கு ஒரு பாதம் இல்லை. 1960-களில் இஸ்தான்புல்லில் தோண்டியபோது அந்தப் பாதத்தின் துண்டு கிடைத்தது. இப்போது அங்கே தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எந்த ஊர்ச் சிலை, எங்கே பெயர்த்தது என்பதில் இங்கே துளியும் சந்தேகம் இல்லை. ஒன்று சேர்க்க இரு தரப்பில் யாராவது ஒருவர் இறங்கிவர வேண்டும். இதுவரை யாரும் வரவில்லை. வெனிஸில் வேறு நிறத்தில் ஒரு பாதம் செய்து ஒட்டிவைத்திருக்கிறார்கள்.